பதினேழாம் நெம்பர்க் கிணறு

கேரள எல்லையில் மீனாட்சிபுரத்துக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் சர்க்கார் ஆள் எதைக் கேட்டாலும் பாதியைத்தான் சொல்லுவார்கள். பத்து மூட்டை நெல் விளைந்தால் அஞ்சு. நாலு மாடு கறந்தால் ரெண்டு. சர்க்காருக்குக் கட்டாயமாக அளக்கவேண்டிய லெவி நெல்லை எடுக்க வந்த அதிகாரியிடம் அப்படிச் சொல்லித் தப்பித்ததில் ருசி கண்டவர்கள், ஜனத்தொகை எடுக்க வந்த வாத்தியாரிடமும் ஆறு பிள்ளையை மூணு பிள்ளை என்றார்கள். பிள்ளையை மறைத்தால் என்ன மிச்சம் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. கேட்கிறவன் சர்க்கார் என்றால் குறைத்துச் சொல், அதுதான் ஊர்ச் சாத்திரம்.

குப்பண்ணனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவன் பெரிய அரிச்சந்திரன் என்பதால் அல்ல, பாதியாக்குவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. அண்ணன் என்பது பெயரில் இருந்ததே தவிர, கூப்பிடுகிறவர்களுக்கு அவன் 'டேய் குப்பா'தான். ரத்தினசாமிப் பண்ணாடியின் தோட்டத்தில் மோட்டார் போடுவதும் மடை திருப்புவதும் மாட்டுக்குத் தீனி வைப்பதும் அவன் வேலை. கிணற்றடியிலேயே ஓலைச் சாளை. கல்யாணமான வருசம் அவனே மண் மிதித்து எழுப்பிய சுவர் அது. மகள் சுப்பாத்தாள் அதற்குள்தான் பிறந்தாள்.

குடிசையில் இருப்பவனுக்கு அந்தக் குடிசையும் சுற்றிப் பத்து செண்டும் சொந்தம் என்று கேரளத்தில் சட்டம் வந்து சில வருசம் ஆகியிருந்தது. குடிகிடப்பு என்பார்கள். குப்பண்ணனும் எழுதிக் கொடுத்திருந்தான். விசாரணைக்குக் கூப்பிடும்போது பண்ணாடி வாயைத் திறக்காமல் இருந்தால் பத்து செண்டு கைக்கு வந்துவிடும். "அது நான் கட்டுன தோட்டத்துச் சாளைங்க, மோட்டார்க் காவலுக்கு இவனை வெச்சிருக்கறேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. பண்ணாடி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "பாக்கலாம் போடா" என்பார். அந்தப் 'பாக்கலாம்' குப்பண்ணனைத் தூங்கவிடாமல் அடித்தது.

பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார் அமிர்தநாதன் ஒரு காரியத்தைத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். அவர் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து படித்து மேலே வந்தவர். தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஏதோ ஒரு நிலையத்திலிருந்து திட்டம் வந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு கிணறு, ஆளுக்கு ஒரு நெம்பர். வாரத்தில் ரெண்டு நாள் கரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே கிடக்கிறது என்று அளந்து அவரவர் அட்டையில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நெம்பர் வரிசைப்படி எழுந்து போய்ப் பெரிய தாளில் ஏற்ற வேண்டும். அந்தத் தாள் நிலையத்துக்குப் போகும். அங்கே ஒரு மிஷின் இருக்கிறதாம், ஓட்டை போட்ட அட்டைகளை அதன் வாயில் கொடுத்தால் எந்த ஊர்ப் பூமிக்குள் எத்தனை தண்ணீர் என்று கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுமாம்.

"இன்னொரு தடவை சொல்லுதேன், நல்லாக் கேட்டுக்கோங்க. அவன் நெம்பர்ல இவன் எழுதப்பிடாது, இவன் நெம்பர்ல அவன் எழுதப்பிடாது. உங்க நெம்பர் உங்க நாக்கு மாதிரி. அதுல ஒரு பொய் இருந்தாலும் மொத்தக் கணக்கையும் அடிச்சிருவாங்க பாத்துக்கோங்க" என்றார் அமிர்தநாதன்.

சுப்பாத்தாளுக்குக் கிடைத்தது பதினேழு. மற்றவர்களுக்கு அப்பன் கிணறு இருந்தது. இவளுக்குச் சாளையை ஒட்டிய பண்ணாடி கிணறு. தேங்காய்நார்க் கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, பத்தாவது முடிச்சுக்கெல்லாம் சிவப்புத் துணி சுற்றி அவளே ஒரு அளவுகயிறு செய்துகொண்டாள். மோட்டார் போடுவதற்கு முன்னால் கரையில் குனிந்து நின்று, கல் தண்ணீரைத் தொடுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுப்பாள். பிறகு முடிச்சை எண்ணி அட்டையில் எழுதுவாள். யாரோ தன்னை நம்பி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்ற பெருமை அவள் முகத்தில் தெரியும். குப்பண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அதைப் பார்ப்பான். அவனுக்கும் பெருமைதான்.

ஊர்க்காரர்களுக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது. பால் சொசைட்டி வரிசையில் நின்றபடியே விசயத்தை அலசிப் பிழிந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தால் வரி போடுவான் என்றார் ஒருவர். கரண்டு ரேட்டை ஏற்றுவான் என்றார் இன்னொருவர். அந்த வாரமே முப்பது வீட்டிலும் முப்பது பிள்ளைகளுக்கு உத்தரவு போனது. இருபதடியில் தண்ணீர் கிடந்த கிணறுகள் முப்பதடிக்கு இறங்கின. பிள்ளைகள் கிணற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், போன தடவை எழுதியதோடு அரையடியைக் கூட்டி எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அமிர்தநாதன் சைக்கிளை மிதித்துப் போய் ஒரே ஒரு கிணற்றை எட்டிப் பார்த்திருந்தால் போதும். போகவில்லை. முப்பது பேர் எழுதியது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்போது எதற்குப் போய்ப் பார்ப்பது? ஒத்துவராதது பதினேழு ஒன்றுதான். "உன் கிணத்துல மட்டும் எப்படிப் பிள்ள இம்புட்டுத் தண்ணி?" என்று கேட்டார். "இருக்குதுங்க சார்" என்றாள் சுப்பாத்தாள். வேறு என்ன சொல்லுவாள்?

அந்தச் சங்கதி வகுப்பிலிருந்து வீடுகளுக்குப் போய், வீடுகளிலிருந்து பால் சொசைட்டிக்குப் போய், கடைசியில் ரத்தினசாமிப் பண்ணாடியின் காதுக்கு வந்தது. ஊரில் பெரிய கை அவர். அவர் கிணறுதான் ஊரைக் காட்டிக்கொடுக்கிறது என்றால் மானம் போகாதா? குப்பண்ணனைத் தொழுவத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"ஏன்டா குப்பா, உம்பட புள்ள எங்கிணத்துத் தண்ணிய ஊருக்கெல்லாம் தமுக்கடிக்குதாமா?"

"பள்ளிக்கொடத்துல எழுதச் சொன்னாங்கன்னு எழுதுதுங்க பண்ணாடி."

"எழுதட்டும், வேண்டாங்கல. ஒரு பத்தடி கூட்டி எழுதச் சொல்லு." வெற்றிலையைத் துப்பிவிட்டு, அவனைப் பார்க்காமல், "அந்தப் பத்து செண்டு வெவகாரம் வேற வருதல்லோ. எனக்கு ஒருத்தன் ஒத்தாசையா இருந்தா நானும் அவனுக்கு இருப்பேன்" என்றார்.

சோற்றுக்கு உட்கார்ந்தபோது குப்பண்ணன் மகளிடம் பேச்சை எடுத்தான். நேராகக் கேட்க நாக்கு கூசியது. "ஏங் கண்ணு, எல்லாப் புள்ளைகளும் முப்பதுன்னு எழுதறப்ப நீ மட்டும் இருபதுன்னு எழுதினா வாத்தியாருக்குச் சங்கட்டம் அல்லோ?"

"எங்கிணத்துல இருபதுதானுங்கப்பா இருக்குது."

"இருக்குது. ஒரு பத்தைக் கூட்டிப் போட்டா என்ன கெட்டுப் போகுது?"

"போடமாட்டனுங்கப்பா. பதினேழு எம்பட நெம்பருங்க." அவள் கோபப்படவில்லை. உப்பு கொஞ்சம் கம்மி என்பதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். அவன் பெண்சாதி மயிலாத்தாள் அடுப்பைப் பார்த்தபடியே, "புள்ள சொல்றது நாயந்தான். உங்க பண்ணாடிக்கு வேற பொழப்பு இல்லியா?" என்றாள்.

நாயம் நாயம்தான். பத்து செண்டு பத்து செண்டுதான். குப்பண்ணன் நாலு நாள் இரண்டையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தான். பண்ணாடி வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவர் அவனைப் பார்த்து ஒரு தரம் செருமினார். பாவி மனுசன், பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அஞ்சாம் நாள், சுப்பாத்தாள் பள்ளிக்கூடம் போன பிறகு, குப்பண்ணன் ஆணியில் தொங்கிய அளவுகயிற்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். முடிச்சுகளை அவிழ்த்து ஒன்றுக்கொன்று சற்று நெருக்கிப் போட்டான். ஒரேயடியாக அல்ல. முதல் வாரம் ஒரு விரற்கடை, அடுத்த வாரம் இன்னொன்று. மாசிக்குள் அடி முக்காலடி ஆகிவிட்டது. தண்ணீரும் வெயிலுக்கு இறங்கிக்கொண்டிருந்ததால் எண்ணிக்கை ஏறியது அவளுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. தன் பிள்ளை பொய் எழுதக் கூடாது. எழுதாமலும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் தான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காக அவன் தன்னைத்தானே ஒருமுறை மெச்சிக்கொள்ளவும் செய்தான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

"இப்பத்தான் உன் கணக்கு ஊரோட சேந்திருக்கு" என்று அமிர்தநாதன் அவளைத் தட்டிக்கொடுத்தார். குப்பண்ணன் கயிற்று விசயத்தைக் காதில் போட்டதும் பண்ணாடி செருமுவதை நிறுத்தினார்.

பங்குனியில் ரெண்டு நாள் கரண்டு போனது. மோட்டார் ஓடவில்லை, ஊற்றுத் தண்ணீர் ஏறியது. ஏறி, மோட்டார்க் குழாயின் இணைப்பு வளையத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. முன்பும் ஒரு நாள் தண்ணீர் அந்த வளையத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது சுப்பாத்தாளுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அவள் எழுதியது இருபது. இன்றைக்குக் கயிறு இருபத்தேழு என்றது. குழாய் அங்கேயே இருக்கிறது, வளையமும் அங்கேயே இருக்கிறது. அவள் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து இரண்டு முடிச்சுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்கவில்லை.

குப்பண்ணன் தீவனக் கட்டோடு வந்தபோது அவள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். கயிறு தொங்கியது சாளைக்குள். சாளைக்குள் இருப்பது மூன்று பேர். யார் என்று அவள் கேட்கவில்லை.

"ஏனுங்கப்பா?" என்றாள்.

"பத்து செண்டுக்காவ, கண்ணு." "ஆடி வரைக்கும் பொறுத்துக்க. வெசாரணை முடிஞ்சா நானே வந்து வாத்தியார்கிட்டச் சொல்லீருவேன்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நிலையத்திலிருந்து ஒரு ஆபீசர் தாள்களை வாங்கிப்போக வந்தார். பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி, தமிழ் கொஞ்சம் தெரியும். பெற்றோர் சங்கத் தலைவர் என்று ரத்தினசாமிப் பண்ணாடிக்கும் வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவருக்கு இளநீர் வேண்டுமே, அதற்குக் குப்பண்ணன். வகுப்பு வாசலில் உட்கார்ந்து அரிவாளால் சீவிக்கொண்டிருந்தான்.

ஆபீசர் ஒவ்வொரு நெம்பராக எழுப்பி, "நீ தன்னே, நீயேதான் அளந்ததா? சரியாணோ?" என்று கேட்டார். முதல் பதினாறு பிள்ளைகளும் எழுந்து நின்று, "ஆமாங்க சார்" என்று மணிமணியாகச் சொன்னார்கள். பதினேழு வந்தது. சுப்பாத்தாள் எழுந்தாள்.

"எம்பட கணக்கு தப்புங்க சார். தை மாசத்துக்கப்புறம் எழுதினது எதுவும் நெசமில்லீங்க."

அமிர்தநாதனுக்கு முகம் செத்துவிட்டது. அவருடைய திட்டம், அவருடைய வகுப்பு, அதுவும் வந்தவர் முன்னால். "தப்புன்னா? யாரு பிள்ள தப்பா எழுதினது?"

அவள் கண் வாசலுக்குப் போனது. அங்கே அப்பன் கையில் அரிவாளும் இளநீருமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நாற்காலியில் பண்ணாடி.

"நாந்தானுங்க. கிணத்துக்குப் போகாமயே எழுதீட்டேன்" என்றாள்.

குப்பண்ணன் எழுந்து, "இல்லீங்க சார், கயித்த மாத்துனது நானு" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எத்தனை மூச்சு பிடிக்கும்? வாய் திறந்ததுகூட. பண்ணாடி நாற்காலியில் அசைந்தார், அவ்வளவுதான், திறந்த வாய் மூடிக்கொண்டது. உள்ளே பிரம்பு விழுகிற சத்தம் கேட்டது. சுப்பாத்தாளின் சத்தம் கேட்கவில்லை. குப்பண்ணன் இளநீரைச் சீவினான். சீவி முடித்ததை மறுபடியும் சீவினான்.

"ஒரு பொய் கண்டால் கணக்கு முழுவதும் கேன்சல்" என்றார் ஆபீசர். சிவப்பு மசியில் பதினேழாம் நெம்பரின் குறுக்கே முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை ஒரே கோடு. அந்தப் பெரிய தாளில் நிசம் என்று இருந்ததே அவள் எழுதிய முதல் ரெண்டு மாசம்தான். அதுவும் கோட்டுக்குக் கீழே போனது. மற்ற முப்பது புளுகும் பத்திரமாகச் சுருட்டிக் குழாயில் போடப்பட்டு நிலையத்துக்குப் போனது. வெளியே வந்த பிள்ளைகள் அவளைப் பார்த்துப் 'பொய்க்காரி' என்றார்கள். என்ன வாய் இருந்தால் சொல்லுவார்கள்!

சாயங்காலம் பண்ணாடி குப்பண்ணனிடம், "ஆச்சேபணை இல்லைன்னு சொல்லிப் போடறன் போடா" என்றார். அவன் கும்பிட்டான். வீட்டுக்கு வந்து மகளின் வீங்கிய கைக்கு மயிலாத்தாள் விளக்கெண்ணெய் போடுவதைப் பார்த்தான். திங்கட்கிழமை சுப்பாத்தாள் எப்போதும்போலப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

ஆனியில் மிஷின் பதில் சொன்னது. முப்பது கிணறும் வற்றிக்கொண்டிருக்கிற ஊர், இங்கே பூமிக்குள் தண்ணீர் இல்லை. அந்தப் பதில் கரண்டு ஆபீசுக்குப் போனது. தண்ணீர் இல்லாத ஊருக்கு எதற்கு மோட்டார் என்று, புதிதாகக் கேட்டிருந்த கனெக்சன் அத்தனையும் நிறுத்திவிட்டார்கள். எட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். அதில் முதல் பெயர் ரத்தினசாமிப் பண்ணாடி. மேட்டுக்காட்டில் ரெண்டாவது கிணறு வெட்டி, மோட்டாரும் வாங்கி வைத்திருந்தார்.

பெரிய மனுசர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார்கள். "ஐயா, எங்கூருல தண்ணி ரொம்பிக் கெடக்குதுங்க!" அதிகாரி சிரித்தாராம். உங்கள் பிள்ளைகள்தானே எழுதினார்கள் என்றாராம். வந்து பாருங்கள் என்றால், மழை பிடித்துக்கொண்டது; மழைக்காலத்துக் கிணறு எதற்குச் சாட்சி? பிள்ளைகளைப் பொய் எழுதச் சொன்னோம் என்று முப்பது பேரில் ஒருத்தர் ஒத்துக்கொண்டாலும் சிக்கல் தீர்ந்தது. ஒத்துக்கொள்வார்களா? நாட்டில் எமர்ஜென்சி வந்து ஒரு மாசம் ஆகவில்லை. கேள்வி முறை இல்லாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சு. தன் கழுத்தை யார் நீட்டுவார்கள்?

அப்போதுதான் எல்லாருக்கும் பதினேழாம் நெம்பரின் முதல் ரெண்டு மாசம் நினைவுக்கு வந்தது. அது நிசம் என்று ருசுவானால் மறுபடி அளக்கிறோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். பண்ணாடி சாளை வாசலுக்கே வந்தார். இத்தனை வருசத்தில் முதல் தடவை.

"குப்பா, நாளைக்குப் பள்ளிக்கொடத்துக்கு ஆபீசர் வர்றாங்க. புள்ள முன்னால எழுதினதுதான் நெசம், கயித்துல பின்னால நாந்தான் கைய வெச்சேன்னு சொல்லீரு. அடுத்த வாரம் உம்பட வெசாரணை. பத்து செண்டு உன்னுது." கொஞ்சம் நிறுத்தி, "எம்பேரு வரப்படாது" என்றார்.

குப்பண்ணனுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கியதுபோல இருந்தது. பொய் சொன்னால்தான் வீடு என்று இருந்தது, இப்போது உண்மையைச் சொன்னால் வீடு. மகளின் பெயரும் சுத்தமாகும். இதைவிட என்ன வேண்டும்? மயிலாத்தாளிடம் மட்டும் சொன்னான். சுப்பாத்தாளுக்கு நாளைக்கு எல்லார் முன்னாலும் தெரியட்டும் என்று விட்டுவிட்டான். சந்தோசத்தைப் பொட்டலம் கட்டி வைத்துக் கொடுப்பதுபோல ஒரு ஆசை.

மறுநாள் அமிர்தநாதன், அதே ஆபீசர், கரண்டு ஆபீசிலிருந்து ஒருவர், மூவரும் இருந்த அறையில் குப்பண்ணன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னான். முடிச்சை எப்படி நெருக்கினான், எத்தனை தடவை, எல்லாம். ஒன்றையும் குறைக்கவில்லை.

ஆபீசருக்கு முகம் சிவந்தது. "நீ கயிறு மாற்றியதா? இது சர்க்கார் ரிக்கார்டு. போலீசில் கொடுத்தால் உன்னை இன்னைக்கே பிடிச்சு உள்ளில் இடும், தெரியுமோ?"

"பரவாயில்லீங்க சாமி" என்றான் குப்பண்ணன். உண்மையிலேயே அவனுக்குப் பரவாயில்லை.

"அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்க, ரெண்டு பேரு சொல்லுததும் ஒத்துவருதான்னு பாப்போம்" என்றார் அமிர்தநாதன்.

சுப்பாத்தாள் வந்து நின்றாள். அறைக்குள் மூன்று அதிகாரிகள். நடுவில் அப்பன். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆபீசர் எடுத்த எடுப்பில், "உன் அச்சன் கயிறு மாற்றினான் என்று ஒத்துக்கொண்டான். போலீசுக்கு எழுதப் போகிறோம். நீ அதைக் கண்டதா?" என்று கேட்டார்.

அவள் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை.

"இல்லீங்க. அப்பா கயித்தையே தொட்டதில்லீங்க. மொத வாரத்திலிருந்தே நாந்தான் மனசுல பட்டதை எழுதினேன். எல்லாமே பொய்யிங்க."

"கண்ணு!" என்று கத்தினான் குப்பண்ணன். "இல்லீங்க சாமி, அது பயந்துட்டுச் சொல்லுதுங்க. நெசத்தச் சொல்லு கண்ணு, நெசத்தச் சொல்லு."

"நாந்தானுங்க" என்றாள் மறுபடியும்.

அமிர்தநாதன் குப்பண்ணனைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. "அன்னைக்கும் இதே பேச்சுத்தான் இந்தப் பிள்ள பேசுச்சு. நீரு வாசல்லதான இளநி வெட்டிக்கிட்டு இருந்தீரு? உம்ம பிள்ள கையில நான் அடிக்கையில வராத உண்மை இன்னைக்கு எப்படி வந்துச்சு? யாரு சொல்லிக் கொடுத்து அனுப்பினா?"

சொல்லிக் கொடுத்து அனுப்பியது வாஸ்தவம்தானே. வெளியே வேப்பமரத்தடியில் பண்ணாடி குடை பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நடந்தது காதில் விழுந்ததும் குடையோடு திரும்பி நடந்தார்.

அடுத்த வாரம் விசாரணையில் அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். தோட்டத்துச் சாளை, காவலுக்கு வைத்த ஆள். எழுதிக்கொண்டார்கள். குப்பண்ணன் தானே மண் மிதித்துக் கட்டிய சுவர் என்று சொன்னான். பொய்க் கணக்கு எழுதிப் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட குடும்பம் இது என்று பண்ணாடி பக்கத்து ஆள் சொன்னான். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

சாளையை இரண்டே ஆள் பிரித்தார்கள். ஓலை, மூங்கில், அடுப்புக் கல். மூணாறு பக்கம் எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மயிலாத்தாள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சுப்பாத்தாள் அவளுக்கு உதவி செய்தாள். பள்ளிக்கூடத்துப் பை மூட்டையில் இல்லை. எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் குப்பண்ணன் கேட்டான். அதுவரை கேட்கத் தைரியம் இல்லை.

"ஏங் கண்ணு அப்பிடிச் சொன்னே? நான் நெசத்தத்தானே சொன்னேன்."

"உங்களப் புடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு சொன்னாங்களேப்பா."

"புடிச்சா என்ன கண்ணு? நாலு நாள் வெச்சிருந்துட்டு உட்டிருப்பாங்க. ஊடு நின்னிருக்குமே. உம்பட பேரும் நின்னிருக்குமே."

அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். குரலில் கோபம் துளிகூட இல்லை.

"அது எனக்கு எப்பிடீங்கப்பா தெரியும்? எங்கிட்ட முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

சொல்லியிருக்கலாம். குப்பண்ணன் சுவர் இருந்த இடத்தில் ஈரமண்ணில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான்.